கண்ணேறும் கைப்பிடி உப்பும்

(முதற் கற்பனையைப் பற்றிய குடும்பப் பாடம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பமாய்ப் பூசை கண்டு, திவ்விய நற்கருணை வாங்கி வீடு திரும்புகிறோம். அன்று மாலை விளக்கு வைக்கும் வேளையில் அதே வீட்டில் என்ன நடக்கிறது? குழந்தையைக் கிழக்கு முகமாய் உட்கார வைத்து, ஒரு கைப்பிடி கல்லுப்பும் நாலைந்து காய்ந்த மிளகாயும் எடுத்து, தலையைச் சுற்றி, ஊரார் கண், உறவினர் கண் என்று ஒவ்வொருவர் கண்ணையும் எண்ணிச் சொல்லித் தணலில் கொட்டுகிறோம். "கண்ணேறு கழிந்தது" என்று மனம் ஆறுகிறோம். "இதில் என்ன பாவம்? எங்கள் பாட்டி காலத்திலிருந்து செய்து வருவதுதானே?" என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். கேள்வி நியாயமானதே. ஆகையால் கோபமும் பரிகாசமும் இல்லாமல் அதற்கு மறுமொழி தேடுவோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தையின் தலையைச் சுற்றும் அந்தக் கிழவியின் கையில் இருப்பது துரோகம் அல்ல, அன்பு. பேரப்பிள்ளைக்கு ஒரு கெடுதியும் வரக்கூடாதென்று தவிக்கிற நெஞ்சு அது. ஆனால் அன்பு தவறான வழியில் போனால், தான் காக்க விரும்பியதையே இழக்க நேரிடும். அது எப்படி என்று பார்ப்போம்.

ஓர் இரவு

ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். எட்டு மாதக் குழந்தைக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. மாலையில் வாந்தியும் சேர்ந்துகொண்டது. பிள்ளை சோர்ந்து கிடக்கிறது. கண் குழி விழுந்திருக்கிறது. உச்சிக்குழி உள்வாங்கியிருப்பதைப் பாட்டி தடவிப் பார்க்கிறாள். அதையும் கண்ணேற்றின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறாள்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா?" என்று தாய் கேட்கிறாள்.

"முதலிலே கண்ணு கழியட்டும் அம்மா. நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரி வந்து, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனாளே, அப்போதே எனக்குத் திக்கென்றது. அவளுக்கோ பிள்ளையில்லை. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்."

உப்பும் மிளகாயும் சுற்றியாயிற்று. தெருக்கோடியில் மந்திரிக்கிறவரை அழைத்து வந்து வேப்பிலை அடித்தாயிற்று. கையில் கறுப்புக் கயிறும் கட்டியாயிற்று. குழந்தை அசைவில்லாமல் கண்ணை மூடுகிறது. "தூங்குகிறான், பார்த்தாயா!" என்கிறாள் பாட்டி. உண்மையில் அது தூக்கம் அல்ல. உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றியதால் வந்த மயக்கம்.

அந்தக் கயிறு நோயைக் கட்டவில்லை. பொழுதை மட்டும் கட்டிப்போட்டது. சிறு குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் உயிர் போவது பெரும்பாலும் உடம்பின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். கண் குழி விழுவதும் உச்சிக்குழி தாழ்வதும் அதற்கு அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடனே செய்யவேண்டிய காரியத்தை "விடியட்டும்" என்று தள்ளிவைப்பதே மூடநம்பிக்கை செய்யும் முதல் கெடுதி.

இரண்டாவது கெடுதியையும் கவனியுங்கள். பக்கத்து வீட்டு அந்த ஸ்திரீ பிள்ளைப்பேறு இல்லாத தன் துயரத்தை மறந்து, அயலார் பிள்ளையைக் கண்டு சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிரதிபலனாக அவள் கண்ணுக்கு விஷமென்று பேர் வைத்தோம். இனி அவள் வாசலில் வந்தால் குழந்தையைச் சேலைக்குள் மறைப்போம். விதவை எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குள் போவோம். யாரை ஆண்டவர் விசேஷ அன்போடு நோக்குகிறாரோ அவர்களையே நாம் அபசகுனம் என்கிறோம். கண்ணேற்றுக்குப் பயப்படுவதில் தொடங்கிய காரியம் பிறர்சிநேகத்துக்கு விரோதமான பாவத்தில் வந்து முடிகிறது.

"கமறவில்லையே!"

சுற்றிய மிளகாயைத் தணலில் போடும்போது கமறல் வராவிட்டால், கண்ணேறு இருந்தது மெய் என்று சொல்லுவார்கள். இது அடுப்பின் காரியம். நன்றாய்க் கனிந்த தணலில் உலர்ந்த மிளகாய் சட்டென்று பற்றி எரிந்தால் காரம் அதிகம் பரவாது. புகை வெளியேற வழியிருந்தாலும் மூக்குக்கு எட்டாது. தணல் மந்தமாயிருந்து மிளகாய் புகைந்தால் வீடெல்லாம் இருமும். யாருடைய தலையையும் சுற்றாத மிளகாயை நீங்களே இருவிதத் தணலிலும் போட்டுப் பாருங்கள்; உங்களுக்கே விளங்கும்.

மேலும், கமறினால் "கண்ணேறு இல்லை" என்கிறோம். கமறாவிட்டால் "கழிந்துவிட்டது" என்கிறோம். எப்படி நடந்தாலும் சுற்றியவர் பக்கமே வெற்றி. தோற்க வழியில்லாத சோதனை சோதனையே அல்ல.

பழைய காலத்திலும் இதே நோய்

இந்தப் பழக்கங்கள் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியவை என்று எண்ணி வெட்கப்பட வேண்டாம். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோக்கியா நகரில் பிரசங்கம் செய்த அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பர், தம் ஊர்க் கிறிஸ்தவத் தாய்மாரையும் தாதிகளையும் இதே காரியத்துக்காகக் கண்டித்திருக்கிறார். அவர்கள் சேற்றை விரலால் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் பொட்டு வைப்பார்களாம். ஏன் என்று கேட்டால் கெட்ட கண்ணும் பொறாமையும் அண்டாதென்று சொல்வார்களாம். குழந்தையின் கையில் சிவப்பு நூலும் சிறுமணிகளும் கட்டுவார்களாம். சிலுவை அடையாளம் பெறவேண்டிய நெற்றியில் சேற்றைப் பூசலாமா என்று அந்த மகாத்துமா மனம் வருந்திக் கேட்டார். அந்தியோக்கியாவின் சேற்றுப் பொட்டுக்கும் நம் வீட்டு மைப்பொட்டுக்கும் தூரம் அதிகமில்லை.

அதே காலத்தவரான அர்ச். அகுஸ்தீனும் கிறிஸ்தவ போதகத்தைப் பற்றிய தமது நூலில் இப்படிப்பட்ட சகுனங்களை வரிசையாய்ச் சொல்லுகிறார். செருப்பு மாட்டும்போது ஒருவன் தும்மினால் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வதும், புறப்படும்போது கால் இடறினால் வீடு திரும்புவதும் அவர் கண்ட பழக்கங்கள். அங்கே ஒரு வேடிக்கையும் எழுதி வைத்திருக்கிறார். தன் பாதரட்சையை எலி கடித்துவிட்டதென்றும், அது என்ன சகுனம் என்றும் ஒருவன் ரோமாபுரி ஞானியாகிய கேட்டோவிடம் போய்க் கேட்டானாம். எலி பாதரட்சையைக் கடித்ததில் அதிசயமில்லை. பாதரட்சை எலியைக் கடித்திருந்தால் அல்லவோ அதிசயம் என்று அவர் பதில் சொன்னாராம்.

நம் தமிழிலும் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குருவின் கதை இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற சீடனிடம் "விழுவாய்" என்று ஒருவர் சொல்ல, அவன் விழுந்தவுடன், சொன்னவரைத் தீர்க்கதரிசி என்று நம்பி, குருவின் மரணம் எப்போது என்று குறி கேட்கிறான். அவர் சொன்ன அடையாளத்தைக் குருவும் நம்பிப் பயத்தால் தளர்ந்துபோகிறார். சிரிக்கவே எழுதப்பட்ட கதை. ஆனாலும் குறி கேட்டு வந்த நாள்முதல் நிம்மதி இழந்த வீடுகளை அறிந்தவர்களுக்கு அது முழுவதும் சிரிப்பாய்த் தோன்றாது.

கெட்ட கண் உண்டா?

உண்டு. ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் அல்ல. அர்ச். மாற்கு சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தில் சேசுநாதர் சுவாமி, மனிதனுடைய உள்ளத்திலிருந்து புறப்பட்டு அவனை அசுத்தப்படுத்தும் பாவங்களைச் சொல்லும்போது, கெட்ட கண்ணையும் அவற்றோடு சேர்த்து எண்ணுகிறார். கெட்ட கண் என்றால் பொறாமை. அது பார்க்கப்பட்டவனைக் கெடுப்பதாக அங்கே அவர் சொல்லவில்லை. யார் உள்ளத்திலிருந்து வருகிறதோ அவனையே அசுத்தமாக்குகிறது என்கிறார்.

ஆகையால் கண்ணேற்றைப் பற்றிக் கிறிஸ்தவன் கேட்க வேண்டியது, "என் பிள்ளைமேல் யார் கண் பட்டது?" என்பதல்ல, "என் கண் யார்மேல் பொறாமையாய் விழுந்தது?" என்பதே. அதற்குப் பரிகாரம் பூசணிக்காய் உடைப்பதல்ல, நல்ல பாவசங்கீர்த்தனம்.

ஒரு சொல், இரண்டு காரியம்

இங்கே சிலர் ஒரு தடை சொல்லுவார்கள். "சாமியார் தீர்த்தம் மந்திரிக்கிறார், செபமாலை மந்திரிக்கிறார், வீடு மந்திரிக்கிறார். தெருக்கோடிக்காரர் கயிறு மந்திரிக்கிறார். இரண்டும் மந்திரிப்புத்தானே?"

சொல் ஒன்றுதான், காரியம் வேறு. தெருக்கோடி மந்திரிப்பில் சொல்லுக்கும் முடிச்சுக்குமே சக்தி இருப்பதாக எண்ணுகிறார்கள். இத்தனை முடிச்சு, இத்தனை சுற்று, இன்ன கிழமை என்று முறை தவறாமல் செய்தால் பலன் வந்தே தீரவேண்டும். வராவிட்டால் முறையில் பிசகு. அதில் சர்வேசுரனுடைய சித்தத்துக்கு இடமில்லை. அவரையும் நம் விருப்பத்துக்குக் கட்டிவிடலாம் என்கிற எண்ணமே அதன் வேர். திருச்சபையின் மந்திரிப்போ ஒரு மன்றாட்டு. பிள்ளை தகப்பனிடம் கேட்பதுபோல் கேட்கிறோம். கொடுப்பதும் வேறுவிதமாய்க் கொடுப்பதும் அவர் சித்தம். கேட்கிற நாமும் விசுவாசத்தோடும் நல்ல மனதோடும் கேட்கவேண்டும். நோயுற்ற குழந்தைகளுக்கான ஆசீர்வாதமும் திருச்சபையின் சடங்கு நூலில் உண்டு. அது மருத்துவரிடம் போகாதே என்று யாருக்கும் சொல்வதில்லை.

1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்க திருச்சபையின் ஞானோபதேச நூலும் இதையே போதிக்கிறது. தாயத்துக்களை அணிவதும், மறைவான சக்திகளை வசப்படுத்தப் பார்ப்பதும், குறி கேட்பதும் முதற் கற்பனைக்கு விரோதம். அதுமட்டுமல்ல, உள்ளத்தின் பக்தியைத் தள்ளிவிட்டு, ஜெபத்தின் வெளிச் சடங்குக்கே பலன் உண்டென்று நினைப்பதும் மூடபக்தியே என்று அந்நூல் சொல்லுகிறது.

வெண்கலச் சர்ப்பம்

இந்தக் கடைசி வார்த்தை நம்மையும் தொடுகிறது. உத்தரியம் போட்டிருக்கிறேன், இனி எப்படி நடந்தாலும் எனக்கு ஒன்றும் வராது என்கிறவன் உத்தரியத்தைத் தாயத்தாக்கிவிட்டான். மோட்டார் வண்டியில் சுரூபத்தை வைத்துக்கொண்டு குடித்துவிட்டு ஓட்டுகிறவனும் அப்படியே. "இந்த ஜெபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் ஆபத்து வரும்" என்று வருகிற கடிதத்துக்கும், இந்நாளில் கைப்பேசியில் வருகிற அதேமாதிரி செய்திக்கும் பயந்து அனுப்புகிறவன், அர்ச்சியசிஷ்டவர்களின் பேரால் பயத்தைப் பரப்புகிறான். பயமுறுத்துவது பக்தியின் வேலை அல்ல.

மோயீசன் ஆண்டவருடைய கட்டளைப்படியே வனாந்தரத்தில் வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தார். அதை நோக்கினவர்கள் பிழைத்தார்கள். ஆனால் பிற்காலத்தில் ஜனங்கள் ஆண்டவரை மறந்து அந்த வெண்கலத்துக்கே தூபம் காட்டத் தொடங்கினபோது, பக்தியுள்ள அரசனாகிய எசேக்கியாஸ் அதை உடைத்துப்போட்டான். நல்ல பொருளும் ஆண்டவரின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது விக்கிரகமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

அதே உப்பு

இனி அந்த எட்டு மாதக் குழந்தையிடம் திரும்புவோம். பாட்டி கையில் எடுத்த உப்பு தப்பான பொருள் அல்ல. போன இடந்தான் தப்பு. தலையைச் சுற்றித் தணலுக்குப் போன அந்த உப்பில் ஒரு சிட்டிகை, சர்க்கரையோடு தண்ணீரில் கலந்து குழந்தையின் வாய்க்குள் போயிருக்கவேண்டும்.

குடலிலே உப்பும் சர்க்கரைச் சத்தும் ஒன்றுக்கொன்று துணையாய் உள்ளே இழுக்கப்படுகின்றன. அவற்றோடு தண்ணீரும் போகிறது. வயிற்றுப்போக்கு நடக்கும்போதே இது நடக்கும். சர்வேசுரன் உடம்பில் வைத்த ஏற்பாடு அது. 1971ல் வங்காளதேச யுத்தத்தால் இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தபோது, முகாம்களில் காலரா பரவியது. நரம்பு வழியாய் ஏற்றும் மருந்துநீர் போதவில்லை. அப்போது டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 பேர்வரை மாண்ட இடத்தில் சாவு 100க்கு 4 பேருக்கும் குறைவாய் இறங்கியது. மந்திரம் ஒன்றும் சொல்லப்படவில்லை. தாயின் கையும் பொறுமையுமே போதுமாயிருந்தன.

வீட்டார் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

1. மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதன்மேல் எழுதியிருக்கிற அளவுப்படி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைக்கவேண்டும். பொட்டலம் கிடையாத வேளையில் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். உப்பு இதற்குமேல் கூடக்கூடாது.

2. சிறிது சிறிதாய், கரண்டியால் கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மறுபடியும் மெதுவாய்க் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

3. கண் குழி விழுதல், சோர்ந்து மயங்குதல், ஒன்றும் குடிக்க மாட்டாமை, விடாத வாந்தி, சிறுநீர் வராமை, மலத்தில் இரத்தம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்றும் பகலென்றும் இராகுகாலமென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். போகிற வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போகலாம். மயங்கிக் கிடக்கிற பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது.

முன்னாளில் ஞானஸ்நானத்தின்போது குருவானவர் மந்திரித்த உப்பில் சிறிதளவு குழந்தையின் நாவில் வைக்கும் வழக்கம் இருந்தது. ஞானத்தின் அடையாளம் அது. அந்த ஞானம் நம் வீட்டில் இருந்தால் உப்பு போகவேண்டிய இடம் நமக்குத் தெரியும்.

சில வினாக்களும் விடைகளும்

வினா: சுற்றிப் போட்டதும் பிள்ளைக்குச் சுகமானதைக் கண்ணாலே கண்டிருக்கிறோமே?

விடை: சளி, சாதாரணக் காய்ச்சல், சிணுங்கல் முதலியவை பெரும்பாலும் தாமாகவே தணியும். சுற்றாத வீட்டிலும் அவை தணிகின்றன. தணிந்ததை நினைவில் வைக்கிறோம், தணியாததை மறக்கிறோம்.

வினா: குழந்தைக்கு மைப்பொட்டு வைப்பதே பாவமா?

விடை: அழகுக்காக வைத்தால் பாவமில்லை. அது பிள்ளையைக் காக்கும் என்று நம்பி வைப்பதே தப்பு. இன்று பொட்டு வைக்க மறந்துவிட்டோமே என்று உங்கள் நெஞ்சு பதறுமானால், அந்த நம்பிக்கை உங்களிடம் இருக்கிறதென்று அறிந்துகொள்ளுங்கள்.

வினா: செய்வினை எடுப்பதாகவும் தாயத்தால் நோய் தீர்ப்பதாகவும் விளம்பரம் செய்கிறார்களே?

விடை: தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க, நம் நாட்டில் 1954லேயே சட்டம் இயற்றப்பட்டது. வீட்டில் ஒரு கஷ்டம் வந்ததும், யாரோ வைத்துவிட்டார்கள் என்று சொல்லிப் பணம் பறிப்பதும், பறிக்குமுன் உறவுக்குள் ஒரு விரோதியைக் காட்டிக்கொடுப்பதும் அவர்கள் வழக்கம். பணம் போனால் சம்பாதிக்கலாம்; அண்ணன் தம்பி உறவு போனால் எளிதில் திரும்பாது.

வினா: வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்தினால் என்ன செய்வது?

விடை: எதிர்த்துப் பேசி அவர்களைப் புண்படுத்த வேண்டாம். அவர்கள் அன்புக்கு நல்ல வேலை கொடுங்கள். "அத்தை, நான் கரைசல் கலக்குகிறேன், நீங்கள் பிள்ளையை மடியில் வைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டே கரண்டியால் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சுற்றிப்போட நீட்டிய கை மருந்து கொடுக்கவும் நீளும்.

வினா: கட்டியிருக்கிற கயிற்றை அவிழ்த்தால் கெடுதி வருமா?

விடை: வராது. அர்ச். பவுல் பிரசங்கித்த எபேசு நகரில் மாந்திரீகம் செய்துவந்தவர்கள் மனந்திரும்பி, ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களை எல்லார் முன்பாகவும் சுட்டெரித்தார்களென்று அப்போஸ்தலர் நடபடி 19ஆம் அதிகாரம் சொல்லுகிறது. எரித்ததால் அவர்களுக்குக் கெடுதி வந்ததாக அங்கே எழுதவில்லை. தேவவசனம் பலமாய்ப் பரவியதென்றே எழுதியிருக்கிறது.

இவ்வாரத் தீர்மானம்

இந்த வாரம் மூன்று காரியம் செய்வோம். பிள்ளைகள் படுக்கப் போகுமுன் தாயாவது தகப்பனாவது அவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதிக்கட்டும். வீட்டில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வைப்போம். நம் தெருவில், கண் கெட்டவள் என்று நாம் ஒதுக்கிவைத்த ஒருத்தி இருப்பாளானால், அவளை வீட்டுக்கு அழைத்து, நம் குழந்தையை அவள் மடியில் கொடுப்போம்.

மூன்றாவது காரியந்தான் கடினம். அதைச் செய்த வீட்டில் கண்ணேற்றின் பயம் இனி நிற்காது.